ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம்

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு வடக்கே நாலுவழிச் சாலைக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணவேணியின் வீடு, அந்தப் பக்கம் அவர்கள் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை. ரோடு போட்டவர்களுக்கு இவர்கள் எப்படிக் கடப்பார்கள் என்கிற கவலையெல்லாம் இருந்ததில்லை.

போன மாசியில் ஒருநாள் அவள் புருஷன் சீனுவாசன் கொல்லைக்குக் கிளம்பியவர், கேப்பைக்கூழ்த் தூக்கை மறந்துவிட்டார்.

"ஏங்க, கூழ வுட்டுட்டுப் போறீங்களே!"

போகிறவரைப் பின்னால் கூப்பிடலாமா? நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்பி வந்தவரை உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டே நிதானமாகக் குடித்தார். ரோட்டைக் கடக்கையில் லாரி அடித்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காரியத்தன்றே பக்கத்து வீட்டு ரோஜா, "பின்னால கூப்புட்டா வெளங்குமா?" என்றாள். கிருஷ்ணவேணி எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "உக்கார வெச்சி, தண்ணி குடுத்துதான் அனுப்புனேன்." செய்யவேண்டியதைச் செய்தோம் என்கிற அந்த நினைப்பில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மகள் கலைப்பிரியா திண்டிவனத்தில் பிசிக்ஸ் படிக்கிறாள். மார்கழியில் ஒரு சாயங்காலம், விதை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் செல்லில் ஒரு கல்லைக் காட்டினாள். வானத்தில் திரிகிற சின்னக் கல். தன்னைத்தானே ஒருமுறை சுற்றவே நாள்கணக்கில் எடுத்துக்கொள்கிற சோம்பேறி. ஆனால் பூமி போகிற பாதையைக் குறுக்கே கடக்கிறதாம்.

"ஐயோ, நம்ம மேல வுழுந்துடாதா?"

"குறுக்க போனா மட்டும் இடிச்சிடாதும்மா. ரெண்டும் ஒரே நேரத்துல அந்த எடத்துக்கு வரணும். கொஞ்சம் முன்ன பின்ன ஆனாக்கூட அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

கிருஷ்ணவேணியின் கை நின்றுவிட்டது. தூக்கை வாங்கிக்கொண்டு அப்படியே போயிருந்தால், லாரி வருவதற்குள் அவர் கொல்லையில் இருந்திருப்பார். தண்ணீர் குடித்த நேரம்தான் அவரைக் கொண்டுபோய் லாரிக்கு எதிரே நிறுத்தியிருக்கிறது. கையிலிருந்த கொட்டையை வீசி எறிந்தாள்.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. சொத்தக் கொட்ட."

மறுநாள் காலை கலைப்பிரியா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் பிடிக்க ஓடினாள். சோற்று டப்பா அடுப்படியிலேயே கிடந்தது. கிருஷ்ணவேணி அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் உட்காரவைக்க வேண்டும். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பஸ் மகளை ஏற்றிக்கொண்டு கண்ணுக்கு மறைந்த பிறகுதான், "கல, சோத்த வுட்டுட்டுப் போறியேடி" என்று கூப்பிட்டாள்.