கமலம் எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டவர்

வெள்ளிக்கிழமை காலை குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு ஞானராஜ் அவர்கள் மாடி ஏறி வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த கசங்கிய சட்டை. “மாமி, எஸ்தர் போயிட்டா. உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு வந்தேன்” என்றார். பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்த பிறகுதான் நான் உள்ளே போனேன்.

எஸ்தர் அம்மாளைத் தெரிந்தவர்கள் பம்பாயில், மாட்டுங்காவிலும் தாராவியிலும் ஏராளம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் ஞானராஜுக்கு ரயில்வேயில் உத்தியோகம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாராவி வேதக்கோவிலுக்கு நடந்தே போய்விட்டு, நடந்தே வருவார். திரும்பும் வழியில் அவரை நிறுத்திப் பேசாத பெண் கிடையாது. அதனால் போகிற நேரத்தைவிடத் திரும்புகிற நேரம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு வாரப் பத்திரிகை. இரண்டு வீட்டுக்கும் ஒரே பிரதியாக வாங்கினோம். என் வீட்டுக் கணக்கில் அதை எழுதும்போது ‘பாதி’ என்று எழுதுவேன். ஆனால் வாசிப்பில் பாதி கிடையாது, இரண்டு பேரும் முழுசாகவே வாசித்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஸ்தோத்திரப் புத்தகங்களையும் மளிகைப் பொட்டலக் காகிதங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் பழகினவள். ஒரு நாள் தொடர்கதை ஒன்று சப்பென்று முடிந்த கோபத்தில், “இதைவிட நானே நன்னா எழுதுவேன்” என்று சொல்லிவிட்டேன். வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். எஸ்தர் அம்மாள் சிரிக்கவில்லை. “அப்ப எழுதுங்க. முதல்ல கதையைச் சொல்லுங்க, கேப்போம்” என்றார்.

அந்தக் கோடையில் மொட்டை மாடியில் வடாம் இடும்போது முதன்முதலாகச் சொன்னேன். கமலம் என்று ஒரு பெண். மில்லில் வேலை பார்த்த கணவன் இறந்துபோகிறான். கைக்குழந்தையோடு பம்பாயில் தனியாக நிற்கிறாள். வெள்ளைப் புடவையோடு மூன்று மாதம் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். கடைசியில் குழந்தையைக் கோவில் வாசலில் விட்டுவிட்டு மாஹிம் கடலில் இறங்கிவிடுகிறாள். சொல்லி முடித்துத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எஸ்தர் அம்மாள் காக்காயை விரட்டிவிட்டு, “முடிஞ்சுட்டா?” என்றார்.

“முடிஞ்சுடுத்து.”

“அந்த மூணு மாசமும் அவ எப்படிச் சாப்பிட்டா, மாமி?”

எனக்குச் சுருக்கென்றது. “அவ துக்கத்துல இருக்கா. சாப்பாடா பெரிசு?”

“அவளுக்கு வேண்டாம்னே வச்சுக்கிடுவோம். பச்சப்புள்ளைக்குப் பால் வேணும்லா? உங்க வீட்ல உப்பு வாங்கினாக்கூட எழுதிவைக்கிறவுக நீங்க. கமலம் வீட்டுக்கு மட்டும் கணக்கு கிடையாதா?”

மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அந்த வாரப் பத்திரிகையைக்கூட என் பெண்ணிடம்தான் கொடுத்தனுப்பினேன். என் வீட்டுக்காரர் வேறு தன் பங்குக்கு, “உன் கமலத்துக்கு ரேஷன் கார்டு உண்டோன்னோ?” என்று கேலி செய்தார். ஆனால் அரிசி களைகிறபோதெல்லாம் அந்தக் கேள்வி மனசில் வந்து நின்றது. கமலம் பக்கத்து வீட்டுக்கு மாவு அரைத்துக் கொடுத்தாள், அப்பளம் இட்டாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நானாகவே கீழே போய்ச் சொன்னேன். “ம், இப்பத்தான் அவளுக்கு ரெண்டு கை இருக்கிறது தெரியுது” என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அதற்கு அப்புறம் அவர் செய்த காரியத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நான் சொன்ன கதையை, தாராவியில் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம், “எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி” என்று ஆரம்பித்து அங்கே சொல்லிவிடுவார். அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பிப்பார். “மாவு அரைச்சா வாடகைக்குக் காணாதே, மாமி.” “மாமியார் வீட்டுலருந்து ஒரு கடுதாசிகூட வராதா?” இது எங்கிருந்து வருகிற அபிப்பிராயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எல்லாம் அவருடைய யோசனை என்றே நினைத்து, வீட்டு வேலை முடிந்ததும் கமலத்தின் கதையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கையில் ஒரு பொட்டலத்தோடு மேலே வந்தார். முகத்தில் சிரிப்பும் பயமும் கலந்திருந்தன. பிரித்தால் பச்சைப் புடவை. நூல் சேலைதான், புதுசு.

“இது யாருக்கு?”

“கமலத்துக்கு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததைச் சொன்னார். ஜெபக்கூட்டத்தில் அன்றைக்குக் கமலத்தின் பேரைச் சொல்லி எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்களாம். அப்புறம் பாக்கியம் என்ற பெண் இந்தச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். பாக்கியம் கணவரை இழந்து, தோல் பட்டறை வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்ப்பவர்.

“ஐயோ, பொய் சொல்லிட்டேளே!” என்றேன்.

“என்ன பொய்? தெரிஞ்ச பொண்ணுன்னேன். கமலத்தை எனக்குத் தெரியாதா? உங்களை விட நல்லாத் தெரியும்.”

“அதுவும் பச்சை! அவ வெள்ளைன்னா கட்டிண்டிருக்கா?”

“நானும் அதைத்தான் சொன்னேன். பாக்கியம் என்ன சொல்லுதா தெரியுமா? ‘வேலைக்குப் போறவளுக்கு வெள்ளை ஆகுமா? ஒரு நா அழுக்குத் தாங்குமா? மூலையில இருக்கவளுக்குத்தான் வெள்ளை. முதல்ல அவளை எந்திரிச்சு வெளிய வரச் சொல்லு’ங்கா.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாமி, இத்தனை பேர் ஜெபம் பண்ணின பிறகு அவளைக் கடல்ல இறக்கினீங்கன்னா, நான் அங்க எந்த முகத்தோட போவேன்?” என்றார்.

அன்று மாலை அம்பாள் படத்துக்கு முன் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தேன், மனசு நிலைகொள்ளவில்லை. முகம் தெரியாத பெண்கள் முழங்கால் வலிக்க ஒரு பெண்ணுக்காக வேண்டியிருக்கிறார்கள். யார் வீட்டுத் தெய்வத்திடம் கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே? அதற்கு மேல் கமலத்தைச் சாகவிட எனக்குத் தைரியம் வரவில்லை. கடலையே கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எஸ்தர் அம்மாள் தாராவியில் உண்மையைச் சொல்லி, சேலையையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நன்றாக ஏச்சு வாங்கினார். பாக்கியம் சேலையைத் தொட மறுத்துவிட்டாராம். “ஜெபிச்சுக் கொடுத்தது கொடுத்ததுதான், அவகிட்டயே இருக்கட்டும்” என்றாராம். எல்லாரும் திட்டி முடித்த பிறகு ஒருத்தி, “சரிட்டி, கதையாவே இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சுதா இல்லையா?” என்று கேட்டாளாம். அதை எனக்குச் சொல்லும்போது எஸ்தர் அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இனிமே நீங்க நிறுத்த முடியாது, மாமி” என்றார்.

நிறுத்தவில்லை. எழுதினதை வாசித்துக் காட்டுவேன். நன்றாக இருந்தால் தையலை மடியில் போட்டுவிடுவார். இல்லாவிட்டால் மெதுவாக ஒரு ஞானப்பாட்டை முனக ஆரம்பிப்பார். அந்த முனகல் கேட்டதும் நானே அந்தப் பக்கத்தை அடித்துவிடுவேன். இப்படியே ஒரு நாவல் கடைசி அத்தியாயம்வரை வந்தது. அப்போதுதான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பார்க்கப் போனபோது கேட்டார்: “கமலம் எதுவரைக்கும் வந்திருக்கா?”

“கடைசி அத்தியாயம்தான் பாக்கி. நாளைக்கே முடிச்சுண்டு வரேன்.”

“எனக்காக அவசரப்படாதீங்க. அவளை அவசரமாக் கரையேத்தினா நல்லா இருக்காது” என்றார். அவர் எனக்குச் சொன்ன கடைசி அபிப்பிராயம் அது. அவசரப்படாமல் எழுதினேன். வியாழக்கிழமை சாயங்காலம் முடித்தேன். வெள்ளிக்கிழமை காலை ஞானராஜ் வாசலில் வந்து நின்றார்.

மத்தியானம் கீழ் வீட்டுக் கூடத்தில் எஸ்தர் அம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். தாராவிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். பாட்டு நின்ற சமயம் பக்கத்திலிருந்தவர் என் கையைத் தொட்டார். “நீங்கதானே கதை எழுதுத மாமி? நான் பாக்கியம். அந்தப் பிள்ளை என் சேலையைக் கட்டினாளா?”

“கட்டிண்டா. அதைக் கட்டிண்டுதான் முதல் நாள் வேலைக்குப் போறா.”

“எஸ்தருக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லலை.”

“அப்ப சொல்லுங்க. தூக்குறதுக்கு நேரம் இருக்கு.”

அத்தனை பேர் நடுவில் எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. கமலம் விடியற்காலை எழுந்து தலை வாரியதையும், பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கதவைப் பூட்டியதையும், ரயிலடிக்கு நடந்ததையும் எஸ்தர் அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். முடித்ததும் பழக்கத்தில், அவர் ஏதாவது கேட்பாரென்று காத்திருந்தேன்.

பாக்கியம்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்: “அது சரி. கைப்பிள்ளையை யார்ட்ட விட்டுட்டுப் போறா?”

எஸ்தரம்மா, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் அதை எழுதவே இல்லை. உங்கள் ஆட்கள் என்னை விடுவதாக இல்லை. இன்று மத்தியானம் மறுபடியும் எழுத உட்காரப் போகிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.