நாத்தனார் வாயைத் திறக்காத ஒரு மணி நேரம்

போன வருடம் சீனப் புத்தாண்டு விடுமுறையில், மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஊலு மூடா காட்டுக்குள் ஒரு பலகை விடுதியில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன், இனி எழுதினால்தான் அடங்கும்.

நாங்கள் சுங்கை லாலாங்கில் இருக்கிறோம். நான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறேன். கணவர் அதே தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், அப்போது பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. வீட்டில் நாங்கள் மூவரும் கையால்தான் பேசிக்கொள்வோம். சண்டை போட்டாலும் கையால்தான். அவளுக்கு யானை என்றால் உயிர். கைப்பேசியில் யானைக் காணொளியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஆனால் நேரில் பார்க்கப் போகலாம் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காரணம் நாங்கள்தான். அதற்கு முந்தைய வருடம் வேறொரு இடத்துக்கு ஆசையாக அழைத்துப் போனோம். அங்கே மிருகம் பார்ப்பதெல்லாம் இருட்டிய பிறகுதான். வழிகாட்டி கைவிளக்கை ஆட்டிக்கொண்டு விளக்கம் சொல்கிறார், எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள், இவள் மட்டும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். இருட்டில் என் கை அவளுக்கு எப்படித் தெரியும்? நான் விளக்கை வாங்கி என் கைமேல் அடித்து விஷயத்தைச் சொல்வதற்குள் மிருகம் போய்விட்டிருந்தது. அறைக்கு வந்ததும், "இனிமே நீங்களே போங்க" என்று கையால் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை நான் யாரிடமும் காட்டவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாக ஒரு தடவை என்று அவளிடம் சம்மதம் வாங்கினேன். இந்த முறையும் சொதப்பினால் அவ்வளவுதான், பிறகு அவள் எங்களோடு எங்கேயும் வரமாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எனவே விடுதி தேடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரையில் நீச்சல் குளத்தோடு இருக்கும் பெரிய விடுதிகளின் வாடகையைப் பார்த்ததும் எனக்கு மயக்கம் வராத குறை. மலிவான இடங்களாகப் பார்த்துப் போன் போட்டேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மீன் வாங்க தஞ்சோங் டாவாய் போனால், எந்தக் கடையில் மீன் பளபளக்கிறது என்று பார்க்கவே மாட்டேன். படகு எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்லத் திணறுகிற கடையில் வாங்க மாட்டேன். அதையே இங்கேயும் செய்தேன். மிருகம் எத்தனை மணிக்கு வரும், எந்தப் பக்கம் வரும், அப்போது வெளிச்சம் இருக்குமா? இந்த மூன்றும்தான் கேள்வி. ஒருவர் குளிர்சாதனம் இருக்கிறது என்றார். ஒருவர் கரோக்கே இருக்கிறது என்றார். யானையோடு சேர்ந்து பாடவா போகிறேன்? போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் கிடைத்தார். காட்டுக்குள் மூன்றே அறை, எதிரே உப்பு மண் நக்க மிருகங்கள் வரும் ஒரு சேற்றுத் திட்டு, அதைப் பார்த்தபடி ஒரு பலகைப் பரண். நாலரைக்கு மேல் வரும், பொழுது சாய்ந்ததும் தொழுகிற மக்ரிப்புக்கு முன்னால் போய்விடும், நல்ல வெளிச்சம் இருக்கும் என்று மளமளவென்று சொன்னார். வராமல் போனால் அது யானையின் இஷ்டம், ஆனால் யாராவது வாயைத் திறந்தால் கண்டிப்பாக வராது என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காமல் பேசுகிற குடும்பம் கெடாவில் எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்! அந்த நிமிடமே இடத்தை உறுதி செய்துவிட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், தானும் வருவேன் என்று நின்றார். நல்ல மனசுதான், ஆனால் அவர் போனில் பேசினால் பக்கத்துத் தாமான் வீடுகள் வரைக்கும் கேட்கும். என் மகளிடம் பேசும்போது இன்னும் சத்தம் போடுவார். கேட்காத பிள்ளையிடம் கத்தினால் கேட்டுவிடுமாம்! பதினாறு வருடத்தில் ஒரு சைகைகூட அவர் கற்றுக்கொள்ளவில்லை. அதில் எனக்கு உள்ளுக்குள் வருத்தம் உண்டு. விடுதியின் படத்தைக் காட்டியதும், "என்னா லா இது, ஏர்கோன் இல்ல, ஒண்ணும் இல்ல. கொசுகிட்ட கடி வாங்கவா இவ்ளோ தூரம் போறோம்?" என்று ஆரம்பித்தார். "அப்ப நீங்க வீட்டுலயே இருங்கக்கா" என்றேன். அதற்கும் அசையவில்லை.

ஏரியில் படகு ஏறி, பிறகு ஆற்று வழியாகப் போய் இறங்கினோம். பெரியவர் எங்களை உட்கார வைத்துச் சட்டம் படித்தார். வாசனைத் தைலம் கூடாது, சாப்பாட்டைப் பரணுக்குக் கொண்டுவரக் கூடாது, நெருப்பு அறவே கூடாது, பேச்சு கூடாது. நாத்தனார் எல்லாவற்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினார். ஆனால் முதல் நாள் மாலை ஒரு மான் சேற்றுத் திட்டுக்கு வந்து தலையைக் குனிந்த நேரம் பார்த்து, "எங்க, யானைய காணோம்?" என்று கேட்டார். ரகசியமாகக் கேட்டாராம்! மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. இருட்டும்வரை அப்புறம் ஓர் அணில்கூட வரவில்லை. மகள் அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் மாலைதான் எங்களுக்கு மிச்சம். பரணில் உட்கார்ந்தோம். ஐந்து மணியாகி, ஐந்தரையும் தாண்டியது. மகள் கைப்பிடிப் பலகையில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். திடீரென்று என் தொடையில் தட்டினாள். பலகை அதிர்கிறது என்று கையால் சொன்னாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. என் கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் விடவில்லை, இடப்பக்கம் இருந்த மூங்கில் புதரையே காட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் அந்த அதிர்வு நெஞ்சில் தெரிகிறது என்பதுபோல் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மூங்கில் விலகியது. அம்மாடி! முதலில் ஒரு பெரிய யானை, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் மூன்றாவதும். அவற்றின் கால்களுக்கு நடுவே தும்பிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டு ஒரு குட்டி! எங்கள் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டு வேலி எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் இருக்கும். கணவர் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பகீரென்றது. அவர் கண்ணில் நீர் வழிய எழுந்து நிற்கிறார். ஒரு கையில் கற்பூரம், மறு கையில் தீப்பெட்டி! பிள்ளையாரே நேரில் வந்துவிட்டார், கற்பூரம் காட்டாமல் விடலாமா என்று பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார். பலகைப் பரண், மேலே காய்ந்த ஓலைக் கூரை, எதிரே குட்டியோடு தாய் யானை. "பிள்ளையாரப்பா" என்று கூவ அவர் வாய் திறந்துகொண்டிருந்தது. பெரியவரோ அந்தக் கோடியில் இருந்தார். நான் எழுந்தால் பலகை கிறீச்சிடும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்களுக்கு நடுவே இருந்த என் மகள் பூனைபோல் எழுந்து ஒரே எட்டில் அத்தையின் வாயைப் பொத்தினாள். மறு கையால் தீப்பெட்டியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அத்தையை மெல்ல உட்கார வைத்து, அவருடைய கையை எடுத்து அவர் மூக்கில் வைத்து, தும்பிக்கைபோல் வளைத்துக் கீழே இறக்கினாள். அது யானைக்கான சைகை. அடுத்து அவருடைய இரண்டு கைகளையும் கூப்பி நெஞ்சருகே வைத்தாள். கற்பூரம் வேண்டாம் அத்தை, இப்படியே கும்பிடுங்கள் என்று அர்த்தம். நாத்தனார் அவளையே பார்த்தார். பிறகு மூச்சுகூடச் சத்தமாக விடாமல் கும்பிட்டபடி இருந்தார்.

யானைகள் ஒரு மணி நேரம்போல இருந்தன. மண்ணைக் கிளறின, சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொண்டன. குட்டி வழுக்கி விழுந்து எழுந்தது. அந்த நேரம் முழுவதும் என் மகள்தான் எங்களுக்கு வழிகாட்டி. எது தாய், எது சித்தி, எது எங்களை மோப்பம் பிடிக்கிறது என்று எல்லாம் கையாலேயே சொன்னாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யானைகளைவிட அதுதான் எனக்குப் பெரிய காட்சி. சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, சத்தம் வராமல் இருக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன்.

யானைகள் காட்டுக்குள் போன பிறகும் நாத்தனார் பேசவில்லை. என்ன ஆயிற்றோ என்று நான் பயந்தே போனேன். அவர் என் மகள் பக்கம் திரும்பி, கையை மூக்கில் வைத்துத் தும்பிக்கையை வளைத்துக் காட்டினார். தேத்தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது. மகள் வாய்விட்டுச் சிரித்து அவர் விரல்களைச் சரிசெய்தாள். பிறகு தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று கையசைத்தவர், சின்னது என்பதற்கு எப்படிக் காட்டுவது என்று கையாலேயே தட்டுத்தடுமாறிக் கேட்டார். குட்டியைப் பற்றிப் பேச வேண்டுமாம்!

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் நாத்தனார் தம்பிக்குப் போன் செய்வதில்லை, நேராக என் மகளுக்குத்தான் வீடியோ அழைப்பு. அடுப்படியில் இருக்கிற எனக்கு ஒரு பேச்சும் கேட்காது, அத்தையின் வளையல் சத்தம் மட்டும் கேட்கும். யானை பார்க்க மலிவாக ஒரு விடுதி தேடிப் போனேன், என் மகளுக்குப் பதினாறு வருடம் கழித்து ஓர் அத்தை கிடைத்தார்.