பி பக்கம், மூன்றாவது பாட்டு

ரெமிஜியஸுக்குக் கடவுள் நல்ல தொண்டையைக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அந்தத் தொண்டையை ஊரே கேட்க வேண்டும் என்ற ஆசையையும் கூடவே கொடுத்துத் தொலைத்தார்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் வீடு. அப்பா ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் தட்டு எடுத்தவர். ரெமி பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, கமர்ஷியல் தெரு பக்கம் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கப் போனான். வியாழக்கிழமை நவநாளிலும் ஞாயிறு பூசையிலும் பாட்டுக் குழுவில் நின்று பாடுவான். அவன் குரல் மேலே ஏறும்போது, குழந்தைக்குப் பால் புட்டி தேடுகிற பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்த அளவுக்கு நல்ல குரல். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு நவநாளுக்கு, பிரேசர் டவுனிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த பெர்னார்ட் அந்தக் குரலைக் கேட்டான். பெர்னார்ட் கான்வென்ட்டில் படித்த பையன். வீட்டில் கார் ஷெட் உண்டு, அதில் காருக்குப் பதில் ட்ரம்ஸ் உண்டு. கிடார் வாசிக்க அண்ணன் தம்பி இரண்டு பேர் கிடைத்திருந்தார்கள். பாட ஆள் இல்லை. அன்றைக்கே ரெமியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். 'கிரானைட் சண்டே' என்ற ராக் பேண்டு அப்படித்தான் உண்டானது.

ரெமிக்கு இங்கிலீஷ் பாட்டின் அர்த்தம் பாதிதான் தெரியும். ஆனால் காதால் கேட்டு அப்படியே திருப்பிக் கொடுப்பான், ஒரு எழுத்து பிசகாது. மூன்று வருஷம் கல்லூரி விழா, கிறிஸ்துமஸ் விழா என்று பாடினார்கள். பாடுகிற வரைக்கும் அவன் ராஜா. பேசினால்தான் தொந்தரவு.

தொண்ணூற்று நாலில் ஒரு கல்லூரி மைதானம். பம்பாயிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நேரம் பார்த்துக் கிடார் கம்பி அறுந்தது. புதுக் கம்பி மாட்டுகிற வரைக்கும் பாடகன்தான் ஏதாவது பேசிக் கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டும். ரெமி மைக்கைப் பிடித்து, "பிரண்ட்ஸ், ஸ்ட்ரிங் கட் ஆயிடுச்சி, டூ மினிட்ஸ் ஒன்லி, ப்ளீஸ் அட்ஜஸ்ட்" என்றான். மைதானமே சிரித்தது. "அட்ஜஸ்ட், அட்ஜஸ்ட்" என்று கை தட்டித் தாளம் போட ஆரம்பித்தது. தன்னைத்தான் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்த ரெமி, நெஞ்சில் கை வைத்து மூன்று முறை குனிந்து வணக்கம் சொன்னான். ஒவ்வொரு முறை குனிந்தபோதும் சிரிப்பு கூடியது.

பேண்டை எடுத்துக்கொள்வதாகவும், அந்தப் பையன் மட்டும் வேண்டாம் என்றும் பம்பாய்க்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அதை ரெமியிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கார் ஷெட்டுக்குப் போனவன், தன் மைக்கில் வேறொருவன் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். சஞ்சய் என்று பெயர். தோள் வரை முடி, பல்வரிசை விளம்பரத்தில் வருகிற மாதிரி. பேச ஆரம்பித்தால் பெண்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பாட ஆரம்பித்தால்தான் எழுந்து போவார்கள். பெர்னார்ட் குச்சியைக் கீழே வைக்காமலே சொன்னான்: "வா மச்சா, உக்காரு. கேட்டுட்டு எப்டி இருக்குதுன்னு சொல்லு."

ரெமி உட்கார்ந்தான், கேட்டான், நல்லா இருக்குது என்று சொன்னான். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று அழுதான்.

ஆறு மாதம் கழித்து பெர்னார்ட் கண்ணாடிக் கடைக்கே வந்தான். கேசட் பதிவு ஆரம்பித்துவிட்டது, ட்ரம்ஸ் பாட்டோடு சேர்ந்து உட்காரவே இல்லை. மூன்று வருஷமாக ரெமியின் மூச்சைக் கேட்டு அடித்துப் பழகிய கை. சஞ்சய் எங்கே ஆரம்பிப்பான், எங்கே நிறுத்துவான் என்று சஞ்சய்க்கே தெரியாது. அதனால் ரெமி வந்து ட்ராக் பாட வேண்டும். ட்ராக் பாடுவது என்றால், மற்றவர்கள் வாசிப்பதற்கு வழி காட்ட ஒருவன் பாடி வைப்பது. பிறகு அதை அழித்துவிட்டு அதே இடத்தில் பெயருள்ளவன் பாடுவான்.

"ஒரே நாள்தான்டா. நீ பாடிட்டுப் போயிடு, நாங்க அப்பறம் அழிச்சிட்டு சஞ்சய வச்சி எடுத்துப்போம்" என்றான் பெர்னார்ட். இதை அவன் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. அவன் கெட்டவனும் இல்லை. குழம்புக்குக் கறிவேப்பிலை கேட்கிறவன் கூச்சப்படுவானா என்ன?

ரெமி ஒப்புக்கொண்டான். மானம் ரோஷம் உள்ளவன் லென்ஸைத் தூக்கி அடித்திருப்பான். இவன் வேறு கணக்குப் போட்டான். ஒரு தரம் டேப்பில் ஏறிவிட்டால், அதைக் கேட்ட பிறகு அழிக்க யாருக்கு மனசு வரும்? ஆசை யாரை விட்டது.

ஸ்டுடியோ சின்னது. பாடுகிறவர் நிற்கிற கண்ணாடி அறைக்குள் கிடார் பெட்டிகளை வைத்துவிட்டதால், ரெமியை ட்ரம்ஸ் இருந்த அறையிலேயே ஒரு மூலையில் நிற்க வைத்தார் ஒலிப்பதிவாளர் ரங்கநாதன். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை எட்டுப் பாட்டு. ஏழாவது பாட்டின் முடிவில் ஒரு நீண்ட இழுப்பு. ட்ரம்ஸ் மெல்ல அடங்கி, லேசான தட்டு மட்டும் கேட்க, குரல் தனியாக நிற்க வேண்டும். ரெமி பதினோரு வினாடி பிடித்தான். அன்றைக்கு அவன் பாடியது மாதிரி அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடவில்லை. முடிந்ததும் ரங்கநாதன் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

"சார், இத வச்சிக்குவீங்களா?" என்று கேட்டான் ரெமி.

"டேப்புல இடம் இல்லப்பா" என்றார் அவர். உண்மையைத்தான் சொன்னார். அவனுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள்.

தொண்ணூற்றைந்தில் கேசட் வந்தது. ரெமி முதல் நாளே வாங்கினான். அட்டையில் சஞ்சயின் முடி இருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். அவன் குரல் எங்கேயும் இல்லை. சொன்னபடி சுத்தமாக அழித்திருந்தார்கள். சஞ்சய் ரயில்வே அட்டவணை படிக்கிற மாதிரி பாடிக்கொண்டே போனான். பி பக்கம் மூன்றாவது பாட்டின் முடிவில் அந்த இழுப்பு வந்தது. சஞ்சய்க்கு நாலு வினாடியில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. நின்ற இடத்தில், ட்ரம்ஸுக்குப் பின்னால், தூரத்தில், ரெமி பாடிக்கொண்டிருந்தான்.

ட்ரம்ஸுக்கு வைத்திருந்த மைக்குகளில் அவன் குரலும் கசிந்து விழுந்திருந்தது. பாட்டுக்கான தடத்தை அழித்தவர்களால் ட்ரம்ஸின் தடத்தை அழிக்க முடியாதே. மற்ற இடங்களில் சத்தம் மூடிவிட்டது. இங்கே மட்டும், சஞ்சய் விட்டுப்போன ஏழு வினாடி, அவனுடையது. ரெமி அதை முதல் நாளில் நாற்பது தடவை கேட்டான்.

கேசட் படுத்துவிட்டது. எம்.ஜி. ரோடு கடைகளில் தூசி ஏறியது. ஒரு இங்கிலீஷ் பேப்பரில் விமரிசனம் வந்தது. பாடகனை மாற்றியதோடு இந்தக் குழு தன் உயிரையும் மாற்றிக்கொடுத்துவிட்டது என்று முதல் பத்தி. ரெமிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தக் கேசட் தோற்கட்டும் என்று தினமும் ஜெபித்தவன்தானே. இரண்டாவது பத்திக்கு வந்தான். பதிவும் படு மோசம், பி பக்கம் மூன்றாவது பாட்டின் கடைசியில் தெருநாய் ஊளையிடுவதுகூடக் கேட்கிறது என்று எழுதியிருந்தது.

இதை அவன் வாயை மூடிக்கொண்டு மறைத்திருக்கலாம். மறைப்பானா? அது நாய் இல்லை, நான்தான் என்று கடையில் சொல்லிவிட்டான். கூட லென்ஸ் தேய்த்த அய்யாவு மறுநாள் காலை அவன் உள்ளே நுழையும்போது தலையைத் தூக்கி ஊளையிட்டான். அப்புறம் எல்லோரும். ஒரு வருஷம் அப்படித்தான் அவனுக்கு வரவேற்பு. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்? கேட்டால் அவனும் ஒருதரம் ஊளையிட்டுக் காட்டுவான். ஆனால் அந்தப் பேப்பர் துண்டை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

தொண்ணூற்றாறில் பிரிஜெட்டைக் கட்டினான். கல்யாணமான மூன்றாம் நாள் அவளை டேப் ரிக்கார்டருக்கு முன்னால் உட்கார வைத்தான். "கேக்குதா?" என்றான். "கேக்குதுங்க" என்றாள். அவளுடைய அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டு வேதநாயகி அம்மாள், தண்ணீர் லாரி டிரைவர், வீடு தேடி வந்த யாருக்கும் தப்பிக்க வழியில்லை. காபி ஆறிப்போகும். அவன் விரலைத் தூக்கி, "இப்ப, இப்ப, இதோ" என்பான். எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டு, "ஆமாண்ணா, கேக்குது" என்பார்கள். அவன் முகம் மலரும். கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடியும் போடுவான்.

இரண்டாயிரத்தில் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை செய்தால் குரல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார், போயிற்று. சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம். பாட்டுக் குழுவில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான். அதையும் ரெமியிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். ரெமிக்கு இந்த மாதிரி விஷயங்கள் எப்போதும் அப்படித்தான்.

மகள் ரோஸ்லினுக்கு அப்போது மூன்று வயது. அவள் நினைவில் அப்பா என்றால் அந்தக் காற்றுச் சத்தம்தான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கப்பாக்கு என்னா, பேய் மாதிரி பேசறாரு?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து அவள் அதை அப்படியே சொன்னாள். அவளுக்குக் கேசட்டைப் போட்டுக் காட்ட வேண்டும், ஆனால் விவரம் தெரிகிற வயசு வரட்டும் என்று ரெமி பொத்திப் பொத்தி வைத்திருந்தான். இரண்டாயிரத்து ஏழில், அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு எடுத்துப் போட்டான். சரியாக அந்த இடத்தில் டேப்பைக் கருவி தின்றுவிட்டது. ஆயிரம் தடவை முன்னும் பின்னும் ஓடித் தேய்ந்துபோன இடம். பென்சிலை விட்டுச் சுற்றினான். அது துண்டாகக் கையோடு வந்தது.

பெர்னார்டைத் தேடிப் போனான். பெர்னார்ட் இப்போது வொயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய ஆள். வீட்டில் ஓர் அறை முழுக்க ஒலிக் கருவிகள். ரெமி காற்றிலே சொன்னதைக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டான்: பி பக்கம் மூன்றாவது பாட்டு, ஒரு காப்பி.

பெர்னார்டுக்குக் கண் கலங்கியது. "மாஸ்டர் டேப்பே என்னாண்ட இருக்குது மச்சா. பூஞ்சை புடிச்சிக் கெடக்குது. குடு எனக்கு மூணு மாசம். முழு ஆல்பத்தையும் உனக்காக சிடியா பண்ணித் தர்றேன்."

மூன்று மாதத்தை ரெமி நாள் நாளாகக் கிழித்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது, போனான். பெர்னார்ட் சிடியை இரண்டு கையாலும் கொடுத்தான்.

"உண்மைய சொல்லணும்னா, பன்னண்டு வருஷமா உம்மேல கோவம் எனக்கு" என்றான். "நீ அந்த மூலைல நின்னு கத்தினதுதான் லீக் ஆயி, நாய் ஊளைன்னு எழுதிட்டான் பாரு. அதுலதான் நம்ம மானமே போச்சு. நீ வந்து அதே பாட்ட கேட்டப்பதான் தெரிஞ்சிது, உனக்கும் அது உறுத்திக்கினே இருந்திருக்குதுன்னு. அந்த எடத்துல இருந்த ட்ரம்ஸையே வெட்டி எடுத்துட்டு, புதுசா அடிச்சி உக்கார வச்சிட்டேன். இப்ப ஒரு சொட்டு சத்தம் இல்ல. போதுமா? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இனிமே ஒண்ணும் இல்ல."

"பழைய டேப்பு?" என்று ரெமி கேட்டான். பெர்னார்டுக்கு விளங்கவில்லை. ரெமி டேப் சுற்றுகிற மாதிரி கையால் சுற்றிக் காட்டினான்.

"அதா? பூஞ்சை மச்சா. மத்ததுக்கும் ஒட்டிக்கும்னு எரிச்சிட்டேன்."

ரெமி அவனுக்கு நன்றி சொன்னான். வேறென்ன சொல்வது, சொன்னாலும் யாருக்குக் கேட்கும்? பஸ்ஸில் வரும்போது சிடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஒருவேளை ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தான். அந்த ஆசைக்கு மட்டும் அறுவை சிகிச்சை கிடையாது.

பிரிஜெட்டும் ரோஸ்லினும் உட்கார்ந்தார்கள். பாட்டு ஓடியது. இழுப்பு வந்தது. நாலு வினாடியில் சஞ்சய் நின்றான். அதன் பிறகு ட்ரம்ஸ், கழுவித் துடைத்த தட்டு மாதிரி, சுத்தமாக. பழக்கத்தில் ரெமியின் விரல் தானாகத் தூக்கிக்கொண்டது.

"கேக்குதுப்பா" என்றாள் ரோஸ்லின்.

அவன் மகளைப் பார்த்தான். அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமே இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேதநாயகி அம்மாள் இப்படித்தான் தலையைச் சாய்த்தாள், லாரி டிரைவரும் இப்படித்தான். ரெமி மனைவியின் பக்கம் திரும்பினான். பிரிஜெட் அவன் கண்ணைப் பார்க்காமல் காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பர்ஸிலிருந்து அந்தப் பேப்பர் துண்டை எடுத்து மகளிடம் நீட்டினான். மடிப்பில் கிழிந்து நாலாகிவிட்டிருந்தது. அவள் தரையில் சேர்த்து வைத்து, எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தாள். கான்வென்ட் படிப்பு.

"இதுல தெருநாய்னு போட்டிருக்குதேப்பா" என்றாள். "யாருப்பா அது?"

ரெமி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.