பன்னிரண்டு கைநாட்டு

எழுபதுகளின் கடைசியில், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்தது. அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்து மூன்று மாதம். டிப்ளமோ முடித்த மிடுக்கு வேறு. எதையும் எழுத்தில் வைத்தால்தான் எனக்கு நிம்மதி.

பாறைக்கு வெடி வைப்பது எப்போதும், எல்லோரும் பள்ளத்திலிருந்து மேலே வந்து சாப்பிடும் மதிய நேரத்தில்தான். ஒருநாள் மட்டும் அதைக் காலை பத்து மணிக்கு மாற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் மாலையே அழகாக அறிவிப்பு எழுதி, கல் சுமக்கும் பன்னிரண்டு பேரிடமும் அதன் கீழே கைநாட்டு வாங்கிவிட்டேன். வாசித்துக் காட்டவில்லை. எனக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

மறுநாள் பாறைக் குழியில் வெடிமருந்து கெட்டித்து, திரியும் வைத்தாயிற்று. வெடி வைப்பவர் தீப்பெட்டியோடு நின்று, "எல்லாரும் மேல வந்துட்டாங்களா சார்?" என்றார்.

"கைநாட்டே வாங்கிட்டேன், பத்த வைங்க" என்று காகிதத்தை ஆட்டிக் காட்டினேன்.

"கைநாட்டு இருக்கட்டும் சார். ஆளுங்க எங்க கீறாங்க?"

அவர் பள்ளத்தைப் பார்த்து, மலையில் ஒருவரையொருவர் கூப்பிடுவதுபோல நீளமாகக் குரல் கொடுத்தார். பாறைக்கு நேர் கீழேயிருந்து ஒரு பெண் குரல் சாவகாசமாகப் பதில் சொன்னது.

விழுந்தடித்து இறங்கினால், பாறை நிழலில் நான்கு பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் சற்றுத் தள்ளிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் மேலே கூட்டிவந்து இரண்டு தடவை எண்ணினேன். பன்னிரண்டு பேர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஆஜருக்குன்னு நெனச்சில்ல சார் ரேகை வெச்சோம்! ஒரே நாள்ல ரெண்டு வாட்டி இன்னாத்துக்குன்னு பேசிக்கினே போனோம்" என்றார் ஒரு பெண்.

"என்னைக் கேட்டிருக்கலாமேம்மா?"

"நீங்க எங்க சார் நின்னீங்க?"

அதன்பிறகு எதையும் வாய்விட்டுச் சொல்லி, அவர்களில் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். பின்னாளில் பெரிய அலுவலகங்களில் எத்தனையோ சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெறும் நாள்வரை, யாராவது ஒருவர் என் மேஜைக்கு வந்து "இது இன்னா சார்?" என்று கேட்ட பிறகுதான், அன்று பன்னிரண்டு பேரையும் எண்ணி முடித்தபோது திரும்பிய மூச்சு எனக்குத் திரும்பும்.