வராமல் போன தச்சர்

மனநல மருத்துவர்கள் ஐந்து பேர். மாதம் ஒருமுறை ஒரு கிளினிக்கின் மாடியறையில் கூடுவார்கள். ஒருவர் தன்னைக் குழப்பிய நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாததுபோலப் பேசுவார்கள். படித்த படிப்பு துருப்பிடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அடுத்தவர் மனசைக் கிண்டியே பிழைக்கிறவர்களுக்குத் தன்னைப் பற்றிக் கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

அன்று அவர்களில் ஒருத்தியான டாக்டரம்மாவின் முறை. வருடக்கணக்காக அவளிடம் வந்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் போன மாதம் தற்கொலை செய்துகொண்டார். அன்றிலிருந்து அவள் லீவு. மறுபடி நோயாளி முன்னால் உட்காரலாமா, கூடாதா? இவர்கள் சொல்லட்டும் என்றுதான் வந்திருந்தாள். வீட்டில் கணவர், "உன் மேல தப்பே இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே புளித்துப்போயிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து, அளவு, அவர் வராமல் போன கடைசிச் சந்திப்பு, மறுநாள் வந்த செய்தி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டாள்.

"மருந்தெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு," என்றார் மூத்தவர்.

"யாரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்போம்," என்றார் அடுத்தவர். மூன்றாமவர் தலையாட்டினார். ஆளாளுக்குப் பூசி மெழுகினார்கள். நாளைக்குத் தங்கள் முறையும் வருமே. டாக்டரம்மாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கூட்டத்தில் இளையவள் ஒருத்தி. ஆள் குட்டை, பேச்சு காரம். அதனால் எல்லோருக்கும் அவள் கடுகு. அவளே அன்றைக்கு மென்று விழுங்கினாள். பிறகு மூத்தவரைப் பார்த்து, "வராதவங்களுக்கு அக்கா அன்னைக்கே போன் பண்ணிடுவாங்க. இவருக்கு மட்டும் ஏன் பண்ணலை?" என்றாள்.

"அது இப்ப எதுக்கும்மா?"

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்தாள். விதிப்படி அது கூடாது. யாரும் தடுக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் அதே கதையைத்தான் சொல்வார். அன்னைக்கு நேரமாகியும் வரலை. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. போன் பண்ணா வந்துடுவாரேன்னு பண்ணலை."

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த அப்பாடா அங்கே ஒருவருக்கும் புதிதில்லை. ஒருவரும் அதை ஒத்துக்கொண்டதுமில்லை.

"இப்ப சொல்லுங்க, நான் திரும்ப வேலைக்கு வரலாமா?"

மூத்தவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"தெரியலக்கா," என்றாள் கடுகு.