டோல்கேட் மேடம்

கல்லூரியில் அவருக்கு வைத்த பெயர் டோல்கேட் மேடம். வைத்தவன் யாரென்று அவருக்குத் தெரியும். பெயர் பொருத்தமாக இருந்ததால் கண்டுகொள்ளவில்லை. உயிரியல் வகுப்பு முடிந்ததும் ஆய்வகக் கதவுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வி அவரிடம் கேட்டால்தான் வெளியே போக முடியும். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிக் கழற்றிவிடக் கூடிய கேள்வி செல்லாது. பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள் என்று மற்ற ஆசிரியர்கள் முதல்வரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். இரவு சாப்பிட்டு எழுந்ததும் கணவர், "நாளைக்கு என்ன சமையல்?" என்று கேட்டுச் சுங்க வரியைக் கட்டுவார்.

"நாளைக்கு உங்க முறை. நீங்கதான் சொல்லணும்" என்பார் மேடம்.

இதெல்லாம் வீம்புக்கு அல்ல. அவருடைய குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மேடம் படித்த காலம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கேள்வி இல்லாமல் இல்லை, தன் பேச்சைக் கேட்டு முன் பெஞ்சு சிரித்துவிடுமோ என்ற பயம். இப்போது அவர் வகுப்பிலும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிப் பேர். எல்லோரும் கேட்டே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அந்த வகுப்பில் குப்பை லாரி ஓட்டுநரின் மகள் ஒருத்தி இருந்தாள். பேசவே மாட்டாள் என்பதால் தோழிகள் அவளை ம்யூட் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்று, "மேடம், நான் போலாமா?" என்றாள்.

"செல்லாது. அதுக்கு ஆமாம் இல்லைன்னு சொல்லிடலாம். வேற கேளு."

எல்லோரும் போய்விட்டார்கள். அவள் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். மேடமும் அசையவில்லை. கடைசியில் மேசைமேல் பூஞ்சை பிடித்துக் கிடந்த ரொட்டித் துண்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பூஞ்சை எப்ப மேடம் கிழவியாகும்?" என்றாள்.

மேடம் ஸ்டூலை விட்டு எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கே தோன்றாத கேள்வி. "எனக்கும் தெரியலையேம்மா. வா, வளர்த்துப் பாத்துடலாம்."

அன்று பூஞ்சையைப் பிடித்தவள்தான், விடவே இல்லை. கண்ணாடித் தட்டில் பூஞ்சையை வளர்ப்பாள். அது பரவும் ஓரத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் தட்டில் வைப்பாள். அதிலிருந்து எடுத்து அடுத்த தட்டில். ஒரு வகை சளைக்காமல் வளர்ந்துகொண்டே போனது, இன்னொரு வகை தளர்ந்து ஓய்ந்தது. ஆய்வகத்துக்கு வருகிறவர்களெல்லாம், "கிழவிங்க எப்படி இருக்காங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

படிப்பு முடியும் சமயத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் மேற்படிப்புக்கு ஆள் எடுக்க வந்தது. இந்தக் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவருக்குத்தான் இடம். சாப்பாடு, தங்குமிடம், உதவித்தொகை எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். மேடம் ம்யூட்டின் பெயரைக் கொடுத்தார். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். துணிக்கடை பில் கவுன்டரில் அவள் மாமா வேலை பேசி வைத்திருந்தார். வரும் திங்கட்கிழமையே சேர வேண்டும். அப்புறம் அவளை யார் படிக்க அனுப்பப் போகிறார்கள்?

இங்கேதான் மேடம் சறுக்கினார். நேர்காணலுக்கு முன்தினம் பயத்தில், சொல்லக் கூடாததைச் சொன்னார். "அங்கே போய் நம்ம டோல்கேட் வேலையெல்லாம் காட்டிடாதே. பெரிய மனுஷங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, எழுந்து வந்துடு."

அவள் தலையாட்டினாள்.

முதல்வர் அறையில் நேர்காணல். வெளியே வராந்தாவில் மேடம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஜன்னல் வழியாக அவள் குரல் லேசாகக் கேட்டது. "தெரியலை சார்." கொஞ்ச நேரம் கழித்து, "தெரியலை மேடம்." தெரிந்ததைக்கூடத் தெரியவில்லை என்கிறாளே என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க மேடம், நீங்க நடக்கிறதைப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்றார் பியூன்.

உள்ளே யாரோ, "சரிம்மா, நீ போலாம்" என்றார்கள். நாற்காலி நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அவளுடைய செருப்பு முனை தெரிந்தது. முடிந்தது கதை என்று மேடம் நினைத்தார். ஆனால் அந்தச் செருப்பு வாசலைத் தாண்டவில்லை. அப்படியே நின்றது. பிறகு திரும்பிவிட்டது.

"சார், உங்க இடத்துல செல்லையெல்லாம் பல வருஷம் உறைய வெச்சிருக்கோம்னு சொன்னீங்களே. அந்த வருஷங்களை அதோட வயசுல எப்படிக் கணக்கு வெப்பீங்க?"

 உள்ளே ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் மறுக்க, மூன்றாவதாக ஓர் அம்மாள் இரண்டு பேரையும் அடக்கினார். விவாதம் சூடு பிடித்தது. நடுநடுவே ம்யூட்டின் குரல்: தட்டு, பூஞ்சை, ஓரம், கிழவி. சிரிப்பு வேறு. பியூன் கொண்டுபோன டீ ஆறியே போனது.

ஒரு வழியாக அவள் வெளியே வந்தாள். "மேடம், தப்புப் பண்ணிட்டேன். நீங்க கேக்கக் கூடாதுன்னீங்க. கதவுகிட்ட வந்ததும் கால் நகரமாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எங்களுக்கும் சரியாத் தெரியலை, அடுத்த மாசம் வந்து நீயே கண்டுபிடின்னாங்க."

 வருஷக்கணக்காக வாசலை மறித்துச் சொல்லிக்கொடுத்ததை, பயந்துபோய்த் தானே பிடுங்கப் பார்த்தோமே என்று மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம். இந்தப் பெண் முன்னால் அழுது வைக்கக் கூடாதென்று விறுவிறுவென்று ஆய்வகத்துக்கு நடந்தார். அவள் ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"கேள்வி, மேடம்."

மேடம் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். எவ்வளவு யோசித்தும் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"சாப்பிட்டியா?"

"செல்லாது மேடம்" என்றாள் அவள், வழி விடாமல்.