குளித்துவிட்டு வந்த பீச் பழம்

“அழுகின பழத்தைக் கொண்டாங்கன்னா, எல்லாரும் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வர்றாங்க!”

பூசணக்கார அக்கா தினமும் அறையைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடும் புலம்பல் இது. பழத்தோட்டத்தில் புகுந்தது எந்தப் பூசணம் என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். இருபது வருடமாக அழுகலோடு குடித்தனம். அவள் அறை ஃபிரிட்ஜில் ஒரே ஒரு டப்பாவில்தான் ‘இது சாப்பாடு’ என்று எழுதியிருக்கும். மற்றதைப் பற்றிக் கேட்காமலிருப்பது உத்தமம்.

அந்த வாரம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் பீச் தோட்டக்காரரின் மனைவி. தரையில் ஒரு முடி கிடந்தால் வீட்டையே புரட்டிப் போட்டுப் பெருக்குகிறவள். பறிக்கும் நேரத்தில் பழமெல்லாம் பழுப்பேறி அழுகவும், கணவர் மரத்துக்கே நோய் என்று முடிவு கட்டி, அடுத்த திங்கட்கிழமை வெட்டுவதற்கு ஆள் சொல்லிவிட்டார். பத்து வருடம் முன்பு அவள் கையால் நட்ட நாற்பது மரம்!

“பூசணக்கார அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க” என்று ஆறு பழத்தைப் பொறுக்கினாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சோப்புப் போடாத குறையாகத் தேய்த்துக் கழுவி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வியாழக்கிழமை அக்கா கூப்பிட்டு, பூசணம் வளர்க்கும் கண்ணாடித் தட்டைக் காட்டினாள். தட்டு நிறைய வெள்ளைப் பஞ்சு. அதன்மேல் குண்டூசித் தலை மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

“டப்பாவுல முன்னாடி என்ன வெச்சிருந்தே?”

“ரொட்டிக்கா.”

“அப்ப இது உன் ரொட்டிப் பூசணம். மரத்தோடதைத்தான் நீ கழுவி ஊத்திட்டியே! மிச்சத்தை இது அமுக்கிடுச்சு.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “எதிர்வீட்டுக்காரி பாத்திரத்துல பிசுக்குன்னு வாய் கிழியப் பேசினேன். என் டப்பாவுல காடே வளர்த்திருக்கேன்!”

“கழுவாம, காகிதப் பையில கொண்டா. போன வருஷம் கிளையிலேயே காஞ்சு சுருங்கின பழமும் வேணும்.”

அவை அவளுக்கு நன்றாகவே தெரியும். கையில் பட்டால் அருவருப்பு என்று பறிக்காமல் விட்டவளே அவள்தான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை கைக்குட்டை தானாகப் பழத்தைத் துடைக்கப் போனது. தன் கையைத் தானே தட்டிவிட்டுக்கொண்டாள். அக்கா பழத்தின் சாம்பல் பொடியைத் துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, அவளையும் பார்க்கச் சொன்னாள். குட்டி எலுமிச்சம்பழங்களைக் கோத்த மாலை மாதிரி இருந்தது. சுருங்கின பழத்திலும் அதே மாலை.

“பழுப்பு அழுகல். போன வருஷப் பழத்துல உக்காந்திருந்து இதுக்குத் தாவியிருக்கு. மரத்தை வெட்ட வேண்டாம். காஞ்ச சுள்ளியை வெட்டு, சுருங்கினதையெல்லாம் பறிச்சுப் புதை.”

“பறிக்காம விட்டது யாருன்னு அவர் கேட்பாரேக்கா?”

“அதைக் கண்டுபிடிக்க என்கிட்ட கருவி இல்லம்மா.”

திங்கட்கிழமை மரம் வெட்ட வந்தவர்கள் சுள்ளி வெட்டினார்கள். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே நாற்பது மரத்திலும் வெறுங்கையால் பறித்தாள்.

உங்கள் தோட்டத்தில் பழம் அழுகினால், கோடரியைத் தேடும் முன் அக்காவை ஒரு நடை போய்ப் பாருங்கள். விவசாய அலுவலகத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. பழத்தை மட்டும் கழுவிவிடாதீர்கள்.